மலாகாவின் உலர்திராட்சையைத் தேடி

வருகின்ற ஆகஸ்ட் மாத இறுதியில், இன்ஷா அல்லாஹ், நானும் என் துணைவியாரும் மகனும் மருமகளும் ஸ்பெயின் நாட்டின் தென்கோடியிலுள்ள மலாகா மாகாணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் சென்றுவர எண்ணியுள்ளோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது இச்செய்தியைச் சொன்னேன். அருகிலிருந்த நண்பர் ஒருவர் திடுக்கிட்டு, "ஒயின் காய்ச்சுற ஊருக்கா போறீங்க, அண்ணே?" என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. மலாகா என்றதும் ஐரோப்பியர் நினைவுக்கு வருவது கடற்கரையும் அங்கு வடிக்கப்படும் இனிப்பு மதுவும்தான். ஆனால் அந்த மலைச் சரிவுகளில் விளையும் திராட்சையில் ஒரு பகுதி மதுவாகாமல், வெயிலில் காய்ந்து உலர்திராட்சையாகிறது. நாங்கள் தேடிச் செல்வது அதனைத்தான்.

தேடிச் செல்லும் காரணத்தைக் கூறிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குச் சிறியதொரு திராட்சைத் தோட்டம் உண்டு. பாட்டனார் காலத்துக் கிணறு, கல்தூண் பந்தல், பன்னீர்த் திராட்சை. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அதே கம்பம் பன்னீர்த் திராட்சைதான். மணம் நிறைந்த பழம். ஆனால் தோல் மெல்லியது, சாறு மிகுந்தது, தொலைதூரப் பயணம் தாங்காது. குலை முற்றிவிட்டால் மண்டிக்காரர் சொன்னதே விலை. மழை பெய்து பழம் வெடித்த ஆண்டுகளில் பறிப்புக் கூலிக்கும் கட்டாது. அத்தகைய ஓராண்டில்தான் தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். மது ஆலை ஒன்றுக்கு மொத்தமாகப் பழம் வேண்டும், வெடித்த பழமானாலும் பரவாயில்லை, பணம் முன்கூட்டியே தரப்படும் என்றார். அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. கடன் இருந்தது, பழமோ கொடியில் அழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்கள் ஹஜ்ரத்திடம் சென்று விளக்கம் கேட்டோம். மது செய்பவரிடம் திராட்சைச் சாற்றை விற்பதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் இடமுண்டு. ஏனெனில் விற்கும் பொருள் தூய்மையானது, பாவம் வாங்குபவரின் செயலில் நிகழ்கிறது. ஆனால் அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் அதனை வெறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, வாங்குபவர் மதுதான் செய்வார் என்று தெரிந்திருந்தால் அது தடையே. இவ்வளவையும் நிதானமாக எடுத்துரைத்த ஹஜ்ரத், இறுதியில், "சட்டத்தில் வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போக மனசு வருதான்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். மனம் வரவில்லை. தரகரைத் திருப்பியனுப்பினோம். அந்த ஆண்டுக் கடன் அடைய இரண்டு மகசூல் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேணுதல் என்பது செலவில்லாமல் கிடைப்பதன்று.

அதன் பின்னரே என் மகன் உலர்திராட்சையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினான். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி பகுதிகளில் உலர்திராட்சை பெருமளவில் செய்யப்படுகிறது. ஆனால் அவை விதையில்லாத இரகங்கள். நம் பன்னீருக்கு விதையுண்டு. விதையுள்ள, மணமுள்ள திராட்சையை உலர்த்திப் பெயர்பெற்ற இடம் உலகில் எது என்று தேடியபோதுதான் மலாகா எதிர்ப்பட்டது. அத்துடன் இன்னொரு செய்தியும் கிடைத்தது. பன்னீர்த் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணு ஆய்வின்படி அதன் பெற்றோருள் ஒன்று, எகிப்தின் இஸ்கந்தரிய்யா நகரின் பெயரைத் தாங்கிய மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்டிரியா. மலாகாவின் மலைகளில் உலர்த்தப்படுவதும் அதே இஸ்கந்தரிய்யாத் திராட்சைதான். "அத்தா, நம்ம கொடியோட தாய்வீடு அங்க இருக்கு" என்று மகன் கூவியது இன்னும் காதில் ஒலிக்கிறது.

மலாகாவை மலேசியாவின் மலாக்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கப்பலேறி வாணிகம் செய்த நம் முன்னோருக்குப் பழக்கமானது அது. இது அரபுகள் மாலக்கா என்று அழைத்த அந்தலூசியத் துறைமுகம். அதன் கிழக்கே கடலுக்கும் மலைக்கும் இடையில் கிடக்கும் நிலப்பகுதிக்கு அக்சார்க்கீயா என்று பெயர். கிழக்குப் பகுதி எனப் பொருள்படும் அஷ்ஷர்க்கிய்யா என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்து நிற்கிறது. அல்மாச்சர், பெனமொகார்ரா, பெனமர்கோசா என்று அங்குள்ள சிற்றூர்ப் பெயர்களை உரக்கப் படித்துப் பாருங்கள். அரபு ஒலி தானாகக் கேட்கும்.

இப்னு பதூதா ஏறத்தாழ 1350ஆம் ஆண்டில் மாலக்காவுக்கு வந்தார். நம் மதுரை சுல்தானகத்தையும் நேரில் கண்டு எழுதியவர் அவர் என்பதால், நமக்கு அவர் அந்நியரல்லர். மாலக்காவின் சந்தையில் திராட்சை மிக மலிவாக விற்றதையும், அவ்வூர் மாதுளைக்கு உலகில் இணையில்லை என்பதையும், அத்தியும் வாதுமையும் கீழை நாடுகள் வரை ஏற்றுமதியானதையும் அவர் குறித்துள்ளார். அதே பக்கத்தில் வேறொரு காட்சியும் உண்டு. நகரின் பெரிய பள்ளிவாசலில் காளி அவர்கள் ஊர்ப் பெரியோருடன் அமர்ந்து, எதிரிகளால் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். இப்னு பதூதாவே அச்சிறைபிடிப்பிலிருந்து நூலிழையில் தப்பி வந்தவர். கனிகளின் இனிமையும் எல்லைப்புற அச்சமும் ஒருங்கே நிலவிய நாடு அது. 1487இல் நீண்ட முற்றுகைக்குப் பின் மாலக்கா வீழ்ந்தது. மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். 1492 ஜனவரி 2ஆம் நாள் கர்னாத்தாவும் கைமாறியது. அக்சார்க்கீயா மலைகளில் எஞ்சியிருந்த முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, 1569இல் கிளர்ந்தெழுந்து, ஃப்ரிகிலியானாவின் குன்றுச்சியில் முறியடிக்கப்பட்டனர். அவ்வூர்த் தெருச் சுவர்களில் அப்போரின் கதை ஓடுகளில் எழுதிப் பதிக்கப்பட்டிருக்கிறதாம். 1609 முதல் 1614 வரை அம்மக்களின் வழிவந்தோர் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர். ஆர்ச்செஸ் என்னும் சிற்றூரில் அன்றைய மினாரா இன்றும் நிற்கிறது. அதில் இப்போது தேவாலய மணி தொங்குகிறது.

மனிதர் போயினர், கொடி நின்றது. உலர்த்தும் முறையும் நின்றது. அம்முறையைப் படித்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது. அங்கே நம்முடையது போன்ற பந்தல் கிடையாது. பலகைக்கல் உடைந்து கிடக்கும் செங்குத்துச் சரிவில் கொடி குட்டையாகத் தரையோடு கிடக்கிறது. இயந்திரம் ஏற முடியாது. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை குலைகளைக் கையால் பறித்து, பல இடங்களில் கோவேறு கழுதை மீதே கீழே கொணர்கிறார்கள். வீட்டருகே தெற்கு நோக்கிய சரிவில் நீள் சதுரப் பாத்திகள். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் வெள்ளையடித்த முக்கோணச் சுவர். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மலைமேல் கல்லறைகள் வரிசையாக இருப்பதுபோல் தோன்றுமாம். அப்பாத்திகளில் குலைகளை ஒவ்வொன்றாகப் பரப்புகிறார்கள். மருந்தில்லை, எண்ணெயில்லை, உலையில்லை, வெயில் ஒன்றே. சில நாட்கள் கழித்து ஒவ்வொரு குலையையும் கையால் புரட்டுகிறார்கள். இரவில் பனி படாமலிருக்கத் துணிப்படுதா போர்த்துகிறார்கள். காய்ந்த பின்னர், வீட்டுப் பெண்களும் முதியோரும் அமர்ந்து கத்தரிக்கோலால் கனிகளைக் காம்பிலிருந்து நறுக்கி எடுக்கிறார்கள். உழைப்பு அதிகம், வருவாய் குறைவு என்று இளைஞர் விலகிச் செல்லும் நிலையில், ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 2017இல் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக ஏற்றது.

1878ஆம் ஆண்டையும் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவடையாது. வேரைத் தின்னும் ஃபைலாக்சரா என்னும் பூச்சி ஸ்பெயினில் முதன்முதலாகக் கால்வைத்தது அந்த ஆண்டில், இதே மலாகா மாகாணத்தின் மொக்ளினேஹோவில். அதற்கு முன்னர் இங்கிலாந்துக் கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்குக் கப்பல் கப்பலாக உலர்திராட்சை அனுப்பிய ஊர்கள் அவை. சில ஆண்டுகளில் கொடிகள் பட்டுப்போயின. ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்க நாடுகளுக்குக் கப்பலேறினர். ஒரே பயிரை நம்பியிருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது அடிவயிறு கலங்கும். எனக்குக் கலங்கியது.

முதலில் நாங்கள் நினைத்தது மலாகாவையன்று, அதற்கு மேற்கேயுள்ள ஹெரெஸ் நகரை. அரபுகள் அதனை ஷரீஷ் என்றனர். ஆங்கிலேயர் விரும்பிக் குடிக்கும் ஷெர்ரி என்னும் மது அப்பெயரிலிருந்தே பெயர்பெற்றது. ஒரு முஸ்லிம் நகரின் பெயர் மதுப்புட்டியில் ஒட்டப்பட்டு உலகெங்கும் சுற்றுவதை எண்ணினால் மனம் ஒரு கணம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே ஊர்ப் பெயரைத் தம் பெயராகக் கொண்ட அறிஞர் ஒருவர் உண்டு: 1222ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் அப்பாஸ் அஹ்மது அஷ்ஷரீஷீ (ரஹ்). நம் அரபு மதரஸாக்களில் மாணவர்கள் திக்கித் திணறி ஓதும் ஹரீரியின் மகாமாத்துக்குப் புகழ்பெற்ற விரிவுரை எழுதியவர். ஷரீஷ் என்றவுடன் அவரை நினைப்பவர் எத்தனை பேர்? ஹெரெஸின் கோட்டைக்குள் எண்கோணக் கூடத்துடன் ஒரு சிறு பள்ளிவாசல் இருக்கிறது. 1264இல் நகரைக் கைப்பற்றிய பத்தாம் அல்ஃபோன்சோ அதனைத் தேவாலயமாக்கினார். கி.பி. 966இல் கலீஃபா இரண்டாம் அல்ஹகம் அந்தலூசியாவின் திராட்சைக் கொடிகளை வெட்டச் சொன்னதாகவும், ஷரீஷ் மக்கள் "எங்கள் திராட்சை படைவீரர்க்கு உலர்திராட்சையாகிறது" என முறையிட்டு மூன்றில் இரு பங்கைக் காப்பாற்றிக்கொண்டதாகவும் அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ, மது வணிகர் கட்டியதோ, கேட்க இனிக்கிறது. ஆயினும் இன்றைய ஹெரெஸில் எமக்குக் கற்க ஏதுமில்லை. அங்கு சுற்றுலா என்றாலே மதுக் கிடங்குகளுக்குள் அழைத்துச் சென்று சுவைக்கக் கொடுப்பது. நுழைவுச் சீட்டின் விலையிலேயே குவளையும் அடக்கம். குடிக்காமல் சுற்றிப் பார்க்கலாமே என்று மகன் சொன்னதற்கு, "பத்துப் பேர் குடிக்கிற விரிப்புல நாம எதுக்கு உக்காரணும்?" என்று கேட்டுவிட்டார் என் துணைவியார். மது புழங்கும் விரிப்பில் அமர வேண்டாம் என்பது நபிமொழி. அதற்கு மேல் பேச்சில்லை. ஹெரெஸ் திட்டத்திலிருந்து நீங்கியது.

மலாகாவிலும் சிக்கல் இல்லாமலில்லை. உலர்திராட்சை செய்யும் அதே குடும்பங்கள் மிகுந்த பழத்தை மதுக்கூடங்களுக்கும் கொடுக்கின்றன. அவ்வூர் இனிப்பு மது வெயிலில் வாடிய அதே திராட்சையிலிருந்துதான் வடிக்கப்படுகிறது. ஒரே கொடி, ஒரே பாத்தி. எத்தனை நாள் காய்கிறது என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆவது வசனம் பேரீச்சை, திராட்சைக் கனிகளைக் குறிப்பிடும்போது, மனிதர் அவற்றிலிருந்து போதைப் பொருளையும் எடுக்கின்றனர், நல்ல உணவையும் எடுக்கின்றனர் என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துச் சொல்வதை மார்க்க அறிஞர்கள் சுட்டிக்காட்டுவர். உலர்த்துமிடத்தைப் பார்ப்போம், வடிக்குமிடத்துக்கு வரமாட்டோம் என்பதை மகன் முன்கூட்டியே ஸ்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான்.

அர்ரோப்பே என்றொரு பொருளும் அவன் பட்டியலில் உள்ளது. திராட்சைச் சாற்றைப் புளிக்கவிடாமல் பாகாகக் காய்ச்சுவது. அர்ருப் என்னும் அரபுச் சொல்லே இப்பெயரின் மூலம். ஷாம் நாட்டு முஸ்லிம்கள் திராட்சைச் சாற்றை மூன்றில் இரு பங்கு வற்றக் காய்ச்சியபோது, அதனைப் பருக உமர் (ரலி) அவர்கள் அனுமதி வழங்கினார்கள் என்னும் செய்தி முவத்தாவில் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊறவைக்கப்படும். மூன்றாம் நாள் வரை அருந்துவார்கள், அதன்பின் எஞ்சியதை அருந்தாமல் கொட்டிவிடச் செய்வார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுவது. நோன்பு திறக்க ஊறவைத்த திராட்சை நீர் கொடுக்கும் நம் பாட்டிமார், மறுநாளைக்கு வைக்காமல் ஏன் கொட்டினார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

உணவைப் பற்றி வீட்டில் நடந்த விவாதம் தனிக் கட்டுரைக்குரியது. பன்றிக் கொழுப்பு அந்நாட்டுப் பலகாரங்களில் கூட மறைந்திருக்கும். மந்தேக்கா என்னும் சொல்லைக் கண்டால் தொடாதீர்கள் என்று மருமகள் எல்லோருக்கும் பாடம் நடத்தியாயிற்று. மீனும் முட்டையும் பழமும் ஒலிவ எண்ணெயும் போதும். மலாகா நகரில் மொராக்கோ நாட்டவர் நடத்தும் ஹலால் இறைச்சிக் கடைகள் இருக்கின்றன. வாதுமை, பூண்டு, ரொட்டி, ஒலிவ எண்ணெய் அரைத்துக் குளிரக் குளிரத் திராட்சையோடு தரும் அஹோபிளாங்கோ என்னும் கஞ்சி அல்மாச்சரின் பெருமை. செப்டம்பர் தொடக்கத்தில் அதற்கென விழாவே நடக்கிறது. அதில் சேரும் புளிப்பு, திராட்சைக் காடி. இங்குதான் மத்ஹபுகள் எதிரெதிரே நின்றன. மருமகள் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவள், ஷாஃபிஈ. மது தானாகவே காடியாக மாறினால் தூய்மை, எதையேனும் கலந்து மாற்றினால் தூய்மையன்று என்பது அவர்கள் சட்டம். ஹனஃபிகளாகிய எங்களுக்கு இருவகையும் ஆகும். மாறாமல் எஞ்சிய சாராயச் சத்து இருந்தால் இருவருக்கும் ஆகாது. "மாமா, நீங்க குடிங்க; நான் பூண்டை முகர்ந்துட்டு எந்திரிச்சிடுறேன்" என்றாள் அவள். இறுதியில் எலுமிச்சை பிழிந்து வீட்டிலேயே செய்வதென முடிவாயிற்று.

தொழுகை விஷயம் இதைவிடச் சுவையானது. பன்னிரண்டு நாட்களில் எட்டு நாட்கள் ஒரே சிற்றூரில் தங்குகிறோம். பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் ஹனஃபிகள் பயணிகளே, கஸ்ரு செய்வோம். நான்கு நாட்கள் தங்க நாடினாலே ஷாஃபிஈகள் ஊர்வாசிகள். முழுமையாகத் தொழ வேண்டும். ஆக, ஒரே அறையில் மகன் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தபின் மருமகள் எழுந்து இரண்டு ரக்அத் நிறைவு செய்வாள். ஸ்பெயின் தன் நிலவியலுக்கு ஒவ்வாத நேரத்தைக் கடிகாரத்தில் வைத்திருப்பதால், அம்மாதத்தில் லுஹர் தொடங்கவே பிற்பகல் 2.20 மணியாகும், மஃரிப் எட்டரைக்கு மேல், இஷா ஏறத்தாழ பத்து மணி. கிப்லாவோ, நம் ஊருக்கு நேர் எதிர்: ஏறக்குறையக் கிழக்கு. ஆயுள் முழுவதும் மேற்கு நோக்கியே தொழுத என் துணைவியாருக்கு இதை நம்பவே சிறிது நேரம் பிடித்தது. உலக வரைபடத்தை விரித்து, கஅபாவுக்கு இருபுறமும் நம் ஊரையும் மலாகாவையும் காட்டினேன்.

குர்துபாவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். மலாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கி.பி. 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய அப்பெரும் பள்ளி 1236 முதல் தேவாலயம். இன்றும் 856 தூண்கள் நிற்கின்றன. சீட்டு வாங்கி யாரும் செல்லலாம். ஆனால் முஸ்லிம்கள் உள்ளே தொழ அனுமதியில்லை. அல்லாமா இக்பால் 1933இல் அங்கு சென்றபோது தொழுததாகச் சொல்வர். 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குழுவினர் சிலர் தொழ முனைந்தபோது காவலரோடு மோதல் ஏற்பட்டது. "தொழ முடியாத பள்ளிக்குள்ள செருப்போட நடக்கணுமா? நான் வாசல்லயே நிக்கிறேன்" என்கிறார் என் துணைவியார். நான் வற்புறுத்தவில்லை. கொலோன் சதுக்கத் தோட்டத்தில் ஒரு சிறு பள்ளிவாசல் உண்டு என்று அறிந்திருக்கிறோம். இதற்கு மாறாக, கர்னாத்தாவில் அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழ நாள் குறித்தாயிற்று.

மற்றவை வழக்கமான அலுவல்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மதிப்பில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பிய பின்னும் மூன்று மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். எங்கள் பன்னீர்க் குலைகளில் இரண்டை அவ்வூர் மக்களுக்குக் காட்ட வேண்டுமென மகனுக்கு ஆசை. ஆனால் தாவர நலச் சான்றின்றி வெளிநாட்டுத் திராட்சையை ஐரோப்பாவுக்குள் கொண்டுசெல்ல இயலாது. கொடித்துண்டுக்கோ அறவே தடை. 1878இல் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. ஆகவே படங்களோடு, மொட்டைமாடியில் அவன் உலர்த்திப் பார்த்த நம் திராட்சையின் நிறை, நாள், வெயில் அளவு எழுதிய குறிப்பேட்டை எடுத்துச் செல்கிறான். ஏப்ரல் மாதத்துக் காய்ச்சல் நன்றாக வந்திருக்கிறது. ஜனவரிப் பனியில் பூத்துப்போயிற்று. படுதாவை மாலையில் எத்தனை மணிக்கு இழுக்கிறார்கள், எத்தனை மணிக்கு விலக்குகிறார்கள் என்பதே அவன் முதலில் கேட்கவிருக்கும் கேள்வி.